மாநிலக் கல்லூரியின் மாணவ ஆய்வாளர்

1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அணுவின் அமைப்பு குறித்தும் நிறமாலைக் கோடுகள் குறித்தும் அவர் எழுதிய நூல்தான் அன்றைய இயற்பியல் மாணவர்களுக்கு வேதம். மாநிலக் கல்லூரியில் அவர் உரையாற்றியபோது அவையில் இருந்த மாணவர்களில் ஒருவர், அந்த நூலைப் பிறர் துணையின்றித் தாமே படித்து முடித்திருந்தார். அவருக்கு அப்போது வயது பதினெட்டு. உரையைக் கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. பேராசிரியர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று கதவைத் தட்டினார்.

நூலைக் கரைத்துக் குடித்துவிட்ட பெருமிதத்தோடு சென்ற அந்த மாணவருக்கு அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்த நூல் எழுதப்பட்ட பிறகு இயற்பியல் அடியோடு மாறிவிட்டது என்று அதன் ஆசிரியரே சொல்லிவிட்டார். ஹைசன்பெர்க், ஷ்ரோடிங்கர், டிராக் ஆகியோர் 1925-ஆம் ஆண்டு தொடங்கி இரண்டே ஆண்டுகளில் குவாண்டம் இயற்பியலைப் புதிதாகக் கட்டி எழுப்பியிருந்தனர். மாணவர் கற்றதெல்லாம் பழைய பாடம். மனமுடைந்து திரும்பியிருக்க வேண்டிய சந்திப்பு அது. ஆனால் சோமர்ஃபெல்ட் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று புதிய புள்ளியியலைக் கொண்டு தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படிகளை அவர் கையில் கொடுத்தார்.

அந்த மாணவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவராகவும், விண்மீன்களின் முடிவைக் கணித்த சந்திரசேகர் எல்லையைக் கண்டவராகவும் அவரை உலகம் அறியும். அவர் இளங்கலை மாணவராக இருந்தபோதே ஆய்வாளராகவும் இருந்தார் என்பது அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. ஆய்வு என்பது முதுகலையும் கடந்து, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பிறகு தொடங்குவது என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. இந்த நிலையில் அவர் மாநிலக் கல்லூரியில் கழித்த 5 ஆண்டுகளைத் திரும்பிப் பார்ப்பது தகும்.

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை சி. சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அதிகாரி. பத்துக் குழந்தைகளில் மூன்றாமவர் சந்திரசேகர், ஆண்மக்களில் மூத்தவர். தாய் சீதாலட்சுமி முறையான பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். எனினும் தம் முயற்சியால் ஆங்கிலம் கற்று, நார்வே நாடகாசிரியர் இப்சனின் பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் தந்தவர். கணித மேதை ராமானுஜன் 1920-ஆம் ஆண்டில் மறைந்த செய்தியைப் பத்தாவது வயதை எட்டாத மகனுக்குச் சொன்னவரும் அவர்தான். ஒரு தமிழ் இளைஞன் கேம்பிரிட்ஜ் சென்று உலகப் புகழ் பெற்ற அந்தக் கதை சிறுவனின் மனதில் பதிந்துவிட்டது.

குடும்பம் 1918-இல் சென்னைக்கு வந்தது. பின்னர் மயிலாப்பூரில் சந்திர விலாஸ் என்ற வீடு எழுந்தது. தொடக்கக் கல்வி வீட்டிலேயே நடந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்று, 1925-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 15 கூட நிறைவடையவில்லை. இடைநிலை வகுப்பின் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எந்தப் பாடத்தில் ஆனர்ஸ் சேர்வது என்ற கேள்வி எழுந்தது. மகனுக்குக் கணிதத்தில் நாட்டம். தந்தைக்கோ அவர் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை. அதற்கு இயற்பியல் உதவும் என்ற கணக்கு. படித்த தென்னிந்தியக் குடும்பங்களின் அன்றைய கனவு அது. மாவட்ட ஆட்சியர் பதவிக்கு மேல் இந்தியனுக்கு வேறு என்ன வேண்டும் என்று நினைத்த காலம். தாய் மட்டும் விருப்பமானதைப் படி என்று மகன் பக்கம் நின்றார்.

கடைசியில் அவர் இயற்பியல் ஆனர்ஸில் சேர்ந்தார். ஆனால் கணித வகுப்புகளுக்கும் சென்று அமர்ந்தார். பதிவேட்டில் பெயர் இல்லாத வகுப்பில் ஒரு மாணவர் வந்து அமர்வதைக் கல்லூரி தடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு ஒரு துறை மாணவர் இன்னொரு துறையின் வகுப்பறையில் காரணமின்றி அமர்ந்தால் வருகைப் பதிவேடு, கால அட்டவணை, துறைத் தலைவர் என எத்தனை தடைகள் குறுக்கே வரும் என்பது கல்லூரிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

மாநிலக் கல்லூரிக்கு இந்த வழக்கம் புதிதன்று. சந்திரசேகரின் சிறிய தந்தையான சி.வி. ராமன் அதே கல்லூரியில் முதுகலை மாணவராக இருந்தபோது, 1906-ஆம் ஆண்டு நவம்பரில், லண்டனின் ஃபிலாசஃபிக்கல் மேகசின் இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. செவ்வகத் துளை வழியே சாய்வாகச் செல்லும் ஒளி விளிம்பில் வளைந்து தோற்றுவிக்கும் பட்டைகளைப் பற்றியது அது. கட்டுரையில் வேறு எவர் பெயரும் இல்லை. பேராசிரியர் ஜோன்ஸ் அந்த மாணவருக்குப் பெரிதாக எதையும் கற்பித்தார் என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் அவரை அவர் போக்கில் விட்டார். ராமனுக்கும் அப்போது வயது பதினெட்டுதான்.

அறிவியலுக்கு மட்டுமே உரியதாகவும் இந்த மரபு இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-இல் வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், நூல்களில் உள்ள ஆங்கிலேயப் பொருளியலை மட்டும் நம் மாணவர்கள் ஒப்பிப்பதில் பயனில்லை என்று கருதினார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, தத்தம் கிராமத்தின் நிலம், கூலி, கடன், சாகுபடி, சாதி, வீடு ஆகியவற்றை விசாரித்து எழுதி வரச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களைப் பற்றி அவ்வாறு கிடைத்த பதிவுகள் 1918-இல் நூலாக வந்தன. 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குச் சென்று மீண்டும் ஆய்ந்தனர். 1980-களிலும் 2008-இலும் இருவேல்பட்டு மறுபடியும் ஆய்வுக்கு உள்ளானது. ஒரு தமிழகக் கிராமத்தின் நூற்றாண்டு மாற்றத்தை இன்று நம்மால் அளவிட முடிகிறது என்றால், அதற்கு அடித்தளம் மாணவர்கள் விடுமுறையில் எழுதிய குறிப்புகள்தான். நான் இதை விலகிச் சென்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மாணவ ஆய்வு என்றதும் மேதைகளை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். ஸ்லேட்டரின் மாணவர்கள் மேதைகள் அல்லர். நல்ல கேள்வி ஒன்று கையில் கொடுக்கப்பட்ட சாதாரண மாணவர்கள்.

சந்திரசேகருக்கு அப்படியொரு கேள்விப் பட்டியலை எவரும் தரவில்லை. அவர் கேள்வியை நூலகத்தில் தேடினார். 1928-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையை கொல்கத்தாவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், ராமனின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். ராமன் விளைவு அவ்வாண்டு பிப்ரவரி 28-இல்தான் கண்டறியப்பட்டிருந்தது. கே.எஸ். கிருஷ்ணன் உள்ளிட்ட இளைஞர்கள் இரவு பகல் பாராமல் உழைத்த காலம் அது. அந்தப் பரபரப்பின் நடுவே தமக்குச் சோதனைக் கருவிகளோடு ஒத்துவராது என்பதைச் சந்திரசேகர் உணர்ந்துகொண்டார். அவருடைய கருவி காகிதமும் பென்சிலும்தான். பதினேழு வயதில் ஒருவர் தமக்கு எது வராது என்று அறிந்துகொள்வதும் ஆய்வுப் பயிற்சியின் பகுதியே. பாடத்திட்டத்தில் அதற்கு மதிப்பெண் இல்லை.

அவருடைய முதல் கட்டுரை அதே ஆண்டில், ராமன் நிறுவிய இந்திய இயற்பியல் இதழில் வந்தது. எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்கள்மீது மோதிச் சிதறும்போது அவற்றின் அலைநீளம் மாறுவதை அமெரிக்க அறிஞர் காம்ப்டன் கண்டறிந்து, 1927-இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். அந்தச் சிதறல் விண்மீன்களின் உட்புறத்தில் எப்படி நடக்கும் என்பதை வெப்ப இயக்கவியல் நோக்கில் ஆராய்ந்தது அக்கட்டுரை. எழுதியவர் ஆனர்ஸ் வகுப்பு மாணவர்.

சோமர்ஃபெல்டைச் சந்தித்தது இதற்குப் பிறகுதான். அவர் தந்த அச்சுப்படிகளைக் கொண்டு சந்திரசேகர் ஃபெர்மியும் டிராக்கும் வகுத்த புதிய புள்ளியியலைக் கற்றார். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. பேருந்தில் ஓர் இருக்கைக்கு ஒருவர் என்பதுபோல. கூட்டம் கூடக்கூடப் புதிதாக ஏறுபவர் பின்னால் தள்ளிப் போய்த்தான் இடம் பிடிக்க வேண்டும். எலக்ட்ரான்கள் அப்படி மேன்மேலும் உயர்ந்த ஆற்றல் நிலைகளுக்குத் தள்ளப்படுகின்றன. சந்திரசேகர் இந்தப் புள்ளியியலை எடுத்துக்கொண்டு காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்திப் பார்த்தார். சில மாதங்களுக்குள் கட்டுரை உருவாகிவிட்டது.

அதைத் திருத்தித் தரச் சென்னையில் ஆளில்லை. ஆசிரியர்கள் திறமையற்றவர்கள் என்பதில்லை. இந்த இயற்பியல் பிறந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. கல்லூரிக்கு வந்த இதழ்களைப் புரட்டியபோது கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரால்ஃப் ஃபௌலர் 1926-இல் எழுதிய கட்டுரையை அவர் கண்டிருந்தார். சூரியனளவு பொருளைப் பூமியளவு உருவுக்குள் அடக்கிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குறுமீன்கள் ஏன் தம் எடையாலேயே நசுங்கிப் போகவில்லை என்பதற்கு, இதே புள்ளியியலைக் கொண்டு ஃபௌலர் விளக்கம் தந்திருந்தார். நெருக்கியடிக்கப்பட்ட எலக்ட்ரான்கள் குளிர்ந்த நிலையிலும் எதிர்த்து நிற்கின்றன என்பதே அந்த விளக்கம். அந்த ஃபௌலருக்கே 1929-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சந்திரசேகர் தம் கட்டுரையை அனுப்பினார். அறிமுகக் கடிதம் இல்லை, பரிந்துரை இல்லை. கடல் கடந்து கட்டுரை போய்ச் சேரவே சில வாரங்கள் ஆகும்.

ஃபௌலர் அதைப் படித்தார். சில திருத்தங்களைக் கேட்டார். திருத்தி அனுப்பியதை ராயல் சொசைட்டியின் நடவடிக்கைகள் இதழுக்குத் தாமே முன்மொழிந்தார். காம்ப்டன் சிதறலும் புதிய புள்ளியியலும் என்ற அந்தக் கட்டுரை 1929-இல் வெளிவந்தது. உலகின் முதன்மையான ஆய்விதழ்களுள் ஒன்றில், சென்னையின் ஆனர்ஸ் மாணவர் ஒருவரின் பெயர் மட்டும் தாங்கி.

இந்தக் கதையில் நான் பெரிதும் மதிப்பது ஃபௌலரின் செயலை. முன்பின் அறியாத, ஆட்சிக்குட்பட்ட ஒரு நாட்டின் பதின்பருவ மாணவனிடமிருந்து வந்த தாள்களைக் குப்பைக் கூடையில் போடாமல் வரி வரியாகப் படித்த பேராசிரியர் அவர். ராமானுஜனின் கடிதத்தை ஹார்டி படித்ததைப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை. ஆய்வு செய்யும் மாணவருக்கு முதலில் தேவைப்படுவது பணமோ கருவியோ அல்ல, எழுதியதைக் கருத்தூன்றிப் படிக்கும் ஒரு வாசகர். சோமர்ஃபெல்ட் நேரம் ஒதுக்கினார், ஃபௌலர் படித்தார். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அது போதுமானதாக இருந்தது.

எல்லாம் தனிமனித முயற்சி என்று சொல்லிவிடுவதும் நேர்மையாகாது. சந்திர விலாஸில் நூல்கள் இருந்தன, ஆங்கிலம் இருந்தது, தந்தையின் வருவாய் இருந்தது, ராமன் என்ற உறவினர் இருந்தார். கல்லூரிக்கு வெளியே கடற்கரையில் வலை இழுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புகளில் ஒன்றுகூட இல்லை. சோமர்ஃபெல்டின் விடுதிக் கதவைத் தட்டும் துணிவுகூட ஓரளவு பிறந்து வளர்ந்த வீடு தருவது. திறமை எங்கும் பிறக்கிறது. கதவைத் தட்டலாம் என்ற எண்ணம் எல்லா வீட்டிலும் பிறப்பதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிரம்பிய இன்றைய அரசுக் கல்லூரிகளில் அந்த எண்ணத்தை ஊட்டும் பொறுப்பு ஆசிரியருடையது.

1929-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹைசன்பெர்க் சென்னைக்கு வந்தார். புதிய குவாண்டம் இயற்பியலைத் தொடங்கிவைத்தவர். அப்போது அவருக்கே வயது 27தான். அவரை வரவேற்று உடன் சுற்றிக் காட்டும் பொறுப்பு, கல்லூரி அறிவியல் மன்றத்தின் சார்பில் சந்திரசேகரிடம் வந்தது. ஓர் ஆண்டுக்கு முன் தாம் கற்றது பழைய பாடம் என்று கேட்டு அதிர்ந்த மாணவர், இப்போது அந்தப் புதிய பாடத்தை எழுதியவரோடு மெரினாவில் உலவினார்.

1930 ஜனவரியில் அலகாபாதில் இந்திய அறிவியல் மாநாடு கூடியது. அங்கே மேகநாத் சாஹா, தாம் படித்திருந்த ராயல் சொசைட்டிக் கட்டுரையை எழுதியவர் இந்தச் சிறுவன்தான் என்று அறிந்து வியந்து, தம் ஆய்வு மாணவர்களிடம் அறிமுகப்படுத்தி, விருந்துக்கும் அழைத்தார். விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க வழிகண்டவர் சாஹா. அவருடைய அயனியாக்கச் சமன்பாட்டைப் புதிய புள்ளியியலின் ஒளியில் அணுகிய சந்திரசேகரின் கட்டுரையும் அதே 1930-இல் ஃபிலாசஃபிக்கல் மேகசினில் வந்தது. தேர்வு எழுதிப் பட்டம் பெறுவதற்கு முன்பே அவர் பெயரில் இப்படிப் பல கட்டுரைகள் சேர்ந்துவிட்டன.

கல்லூரி முதல்வர் ஃபைசன் ஒரு தாவரவியலாளர். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களை ஆராய்ந்தவர். தம் துறைக்குச் சற்றும் தொடர்பில்லாத இந்த மாணவரின் தகுதியை அவர் அறிந்திருந்தார். இங்கிலாந்தில் ஆய்வு செய்ய இந்திய அரசின் உதவித்தொகை சந்திரசேகருக்குக் கிடைத்தது. ஆனால் வீட்டில் தாய் கடுமையாக நோயுற்றிருந்தார். மூன்று ஆண்டுகள் பிரிந்தால் மீண்டும் காண முடியுமா என்ற ஐயம் அனைவருக்கும் இருந்தது. உறவினர்கள் தயங்கினர், மகனும் தயங்கினார். சீதாலட்சுமி மட்டும் தயங்கவில்லை. மகன் தமக்கு மட்டும் உரியவனல்லன் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார். மறு ஆண்டு மே மாதம் அவர் காலமானபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

1930 ஜூலை 31-ஆம் நாள் மும்பையிலிருந்து கப்பல் புறப்பட்டது. முதல் சில நாள்கள் கடல் கொந்தளித்தது. அமைதி திரும்பியதும் சந்திரசேகர் மேல்தளத்தில் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் போடத் தொடங்கினார். கையில் எடிங்டனின் நூலும் சோமர்ஃபெல்டின் நூலும் இருந்தன. மனத்தில் ஃபௌலரின் கட்டுரை. வெள்ளைக் குறுமீனின் மையத்தில் நெருக்குண்ட எலக்ட்ரான்கள் எவ்வளவு விரைவாக ஓடும் என்று கணக்கிட்டபோது, அந்த வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குவதைக் கண்டார். அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்த்தாக வேண்டும். ஃபௌலர் அதைச் சேர்த்திருக்கவில்லை. சேர்த்துப் பார்த்தபோது விடை எதிர்பாராததாக இருந்தது. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன், வெள்ளைக் குறுமீனாக அமைதியாக ஓய முடியாது; எலக்ட்ரான்களின் எதிர்ப்பு அதைத் தாங்காது.

இந்த எல்லை இன்று சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று கொள்ளப்படுகிறது. 1931-இல் அமெரிக்காவின் வானியற்பியல் இதழில் அவர் வெளியிட்ட இரண்டே பக்கக் கட்டுரையில் 0.91 என்ற எண்தான் இருந்தது. விண்மீனின் வேதியமைப்பு பற்றிய அன்றைய கருத்து வேறாக இருந்ததே காரணம். எஸ்தோனியாவில் வில்ஹெல்ம் ஆண்டர்சனும் இங்கிலாந்தில் எட்மண்ட் ஸ்டோனரும் அதே காலத்தில் இதையொத்த முடிவை எட்டியிருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் விண்மீனின் உட்புறத்தை முழுமையான கோட்பாட்டோடு பொருத்தி, ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர் சந்திரசேகர். அந்தக் கப்பல் கணக்குக்குத் தேவையான புள்ளியியல், சார்பியல், விண்மீன் இயற்பியல் ஆகிய மூன்றையும் அவர் மாணவப் பருவத்திலேயே, பெரும்பாலும் தாமே, கற்றிருந்தார். எடிங்டனின் நூல்கூடக் கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாகப் பெற்றதுதான்.

அதன் பிறகு நடந்தவை நன்கு அறியப்பட்டவை, விரைந்து கடக்கலாம். 1933-இல் முனைவர் பட்டமும் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் தகுதியும் பெற்றார். 1935 ஜனவரி 11-இல் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் தம் முடிவை விரிவாக முன்வைத்தபோது, அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன் அதை எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. விண்மீன் இப்படி முறையற்று நடந்துகொள்ள இயற்கை அனுமதிக்காது என்பதே எடிங்டனின் வாதம். மாணவப் பருவத்தில் எவருடைய நூலைப் படித்து இத்துறைக்கு ஈர்க்கப்பட்டாரோ அவரே அப்படிச் செய்தார். இயற்பியலாளர்கள் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கம் நின்றார்கள். வெளிப்படையாகச் சொல்ல எவரும் முன்வரவில்லை. இது அறிவியல் வரலாற்றின் தலைகுனிவுகளில் ஒன்று என்பது என் கருத்து.

சந்திரசேகர் சண்டையை நீட்டிக்கவில்லை. 1936-இல் மாநிலக் கல்லூரியில் தமக்கு இளையவராக இயற்பியல் பயின்ற லலிதாவை மணந்தார். 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விண்மீன்களின் அமைப்பு குறித்து ஒரு நூல் எழுதி 1939-இல் வெளியிட்டுவிட்டு வேறு துறைக்குச் சென்றார். சில ஆண்டுகள் ஒரு துறை, பின் ஒரு நூல், பின் அடுத்த துறை என்பதே அவர் வாழ்க்கை முறையாயிற்று. 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழின் ஆசிரியராக இருந்து அதை உலகின் முதன்மை இதழாக்கினார். ஒரு காலத்தில் ஃபௌலர் தமக்குச் செய்ததை, அந்த 19 ஆண்டுகளும் பிறர் கட்டுரைகளுக்குச் செய்தார் என்று சொல்லலாம். 1983 அக்டோபர் 19-இல், அவருடைய 73-ஆவது பிறந்தநாளன்று, நோபல் அறிவிப்பு வந்தது. கப்பலில் போட்ட கணக்குக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்.

இன்று நம் நாட்டில் இளங்கலை ஆய்வு மீண்டும் பேசுபொருளாகியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட நான்காண்டுப் பட்டப்படிப்புக்கான சட்டகத்தின்படி, முதல் 6 பருவங்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ மதிப்பெண் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வைத் தேர்ந்துகொள்ளலாம். இத்திட்டம் வேண்டுமா என்பதில் மாநிலங்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் தனி. ஆய்வை மதிப்பெண்ணுக்குப் பின்னே வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சந்திரசேகர் தேர்விலும் முதலிடம் பெற்றவர் என்பதால் அவரை இந்த விதி தடுத்திருக்காது. ஸ்லேட்டரின் மாணவர்கள் அத்தனை பேரையும் அது உள்ளே விட்டிருக்குமா?

மதிப்பெண்ணைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. இறுதிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஆய்வேடு தர வேண்டும் என்ற விதி பல படிப்புகளில் இப்போதே இருக்கிறது. அதன் விளைவைக் கல்லூரிகளுக்கு எதிரே உள்ள நகலகங்களில் காணலாம். தலைப்பைச் சொன்னால் முன்னுரை முதல் முடிவுரை வரை அட்டை கட்டித் தரும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வுக்கு ஒருமுறை சென்றிருந்தபோது, இருவர் சமர்ப்பித்த ஏடுகளில் நன்றியுரைகூட ஒன்றாக இருந்தது; ஒன்றில் வழிகாட்டியின் பெயரை மாற்றவும் மறந்துவிட்டார்கள். அந்த மாணவர்களைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எழுதியதை எவரும் படிக்கப்போவதில்லை என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. படிக்கப்படாத ஏட்டை எழுதுவானேன் என்று அவர்கள் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் போன்ற நல்ல வாயில்கள் இல்லாமல் இல்லை. கோடையில் ஆய்வகத்துக்குச் சென்று, 1928-இல் சந்திரசேகர் கொல்கத்தாவில் பெற்றதைப் போன்ற அனுபவத்தைப் பெறும் மாணவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அவர்கள் திரும்பி வரும் கல்லூரியில், கொண்டுவந்த கேள்வியை உட்கார்ந்து கேட்க ஓர் ஆசிரியருக்கு நேரம் வேண்டும். நிரப்பப்படாத பணியிடங்களின் சுமையையும் சேர்த்துச் சுமக்கும் ஆசிரியரிடம், கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் ஆண்டுக்காண்டு பணி நீட்டிப்புக்குக் காத்திருப்பவரிடம், அந்த நேரத்தை எப்படி எதிர்பார்ப்பது?

சந்திரசேகர் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-இல் சிகாகோவில் காலமானார். அவருடைய கடைசி நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. 300 ஆண்டுகளுக்கு முன் நியூட்டன் எழுதிய பிரின்சிபியாவைப் பொது வாசகருக்கு விளக்கும் நூல் அது. அதை எழுத அவர் ஒரு முறையைக் கையாண்டார். நியூட்டனின் ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் படிப்பார். நியூட்டன் தந்த நிறுவலைப் பார்க்காமல், தாமே ஒரு நிறுவலை எழுதுவார். பிறகுதான் பக்கத்தைத் திருப்பி நியூட்டன் எப்படிச் செய்திருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் நியூட்டனின் வழியே சுருக்கமாகவும் அழகாகவும் இருப்பதைக் கண்டு வியப்பார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.